பல் பிடுங்கப் போனேன், பிரஷர் தெரிந்தது



இரண்டு மாதத்துக்கு முன்பு கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். பைக்கில் கூட்டிப்போனவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருந்தான்.

வாயைத் திறந்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா கையைக் கேட்டார்.

"பல்லுக்குத்தானேம்மா வந்தேன்?"

"இதையும் பார்த்துடலாம் சார்."

184/112. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தார். பெரிதாக இறங்கவில்லை. "இன்னைக்குப் பல் எடுக்க வேண்டாம் சார். முதல்ல பொது டாக்டரைப் பாருங்க" என்றார். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் இருக்கும்; பல் எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவும் நேரமாகலாம். அதனால் 180/110க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைப்பார்களாம்.

எனக்கு ஒரு தலைவலிகூட இருந்ததில்லை. இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து பாடம் நடத்தியவன், என் கையை ஒருநாளும் நீட்டியதில்லை!

வெளியே இருந்தவனையும் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்கு சார், 36தானே ஆகுது?" என்றான். 158/100. தூக்கமில்லாததாலும் ஏறியிருக்கலாம், ஒருதடவை பார்த்து முடிவு செய்யக்கூடாது என்றார் டாக்டரம்மா. லீவு நாளில் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இரண்டு முறை பார்த்தான். அப்போதும் 140/90க்கு மேல்தான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நம் ஆட்கள் உடம்புக்கு முடியாவிட்டால்தான் டாக்டரிடம் போவார்கள். பிரஷரோ வலிக்காது. பல்வலி மட்டும் யாரையும் இழுத்துப்போய் உட்காரவைத்துவிடும். அவர்கள் பார்க்காவிட்டாலும் நீங்களே கேளுங்கள். அரை மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, சிகரெட் வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பேசக்கூடாது.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பெயரைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறை வீங்கவைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

போன வாரம் எனக்கு 136/84. பல்லையும் எடுத்தாயிற்று.

உங்கள் எண்ணை இங்கே எழுத வேண்டாம். பிரஷர் பார்த்தவர்கள் "உள்ளேன் ஐயா" என்று மட்டும் எழுதுங்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.