ஒரு கிரெயின்தானே என்று...



"மான் வேட்டைத் தோட்டாவைப் பத்தியா எழுதப் போற? நமக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று ஹாஸ்டல் நண்பன் சிரித்தான். நியாயம்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். நான் சொல்வது அமெரிக்கக் காடுகளின் கதை. அங்கே சீசனில் லைசென்ஸ் வாங்கி வெள்ளைவால் மானைச் சுடுகிறார்கள். பலர் தோட்டாவையும் வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். மெக்கானிக்கல் மாணவனுக்கு அதில் பாடம் இருக்கிறது.

1895-இல் வந்த .30-30 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதைச் சுடும் லீவர் ரைஃபிளில், குழலுக்கு அடியிலுள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொடும். மூக்கு கூராக இருந்தால்? உதைப்பின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம்! அதனால்தான் அதற்குத் தட்டை மூக்குக் குண்டு.

கனமான குண்டு புதரைக் கிழித்து நேரே போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சுட்டுப் பார்த்தவர்கள் கண்டது வேறு. குச்சியில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறலாம். இடைவெளி தெரியும்வரை காத்திருப்பதுதான் வழி.

170 கிரெயின் குண்டு என்றால் 11 கிராம். வினாடிக்கு 670 மீட்டர் வேகம். நம்ம ½mv² போட்டால் சுமார் 2,470 ஜூல். ஆனால் ஜூல் மட்டும் போதாது. முழு உறை போட்ட குண்டு விரியாமலே ஊடுருவிப் போய்விடும். மான் காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து துடித்துச் சாகும். ஆகவே உள்ளே போய் விரியும் மென்முனைக் குண்டுதான் வேண்டும்.

மருந்து அளவோ இன்னும் நுட்பம். ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். கையேட்டில் உள்ள குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். "ஒரு கிரெயின்தானே" என்று உச்ச அளவைத் தாண்டினால் ரைஃபிளே வெடிக்கலாம். அங்கே ஃபோர்மேனும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. தராசும் மனசாட்சியும்தான்!

என் வீட்டில் இதுவரை யாரும் ஒரு டிராயிங்கின் கீழே கையெழுத்துப் போட்டதில்லை. நாளை நான் போடப்போகிறேன். நண்பனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அளவு தப்பினா வலிக்கிறது கையெழுத்துப் போட்டவனுக்கு இல்லடா, எதிர்ல நிக்கிற வாயில்லாத உயிருக்கு."

அவன் அப்புறம் சிரிக்கவில்லை.