பனியும் படுக்கை விரிப்பும்

போர் விளையாட்டிலே படை நடத்துபவன் எதிரியைப் பற்றியே சிந்திப்பான் என எண்ணுதல் இயல்பு. இங்கு கூறப்படும் இளைஞனோ பல வாரங்களாகத் துணியைப் பற்றியே சிந்தித்தான். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொம்பற் மிஷன்’ எனும் கணினி விளையாட்டு, 1944 யூன் முதல் 1945 மே வரை மேற்கு ஐரோப்பாவில் நடந்த சமர்களைக் களமாகக் கொண்டது. அதில் வீரர் அணியும் சீருடை, இலக்கமிடப்பட்ட ஒரு படக்கோப்பு மட்டுமே. அதனை அகற்றி, அதே இலக்கத்தில் வேறொன்றை வரைந்து வைத்தால் படை முழுவதும் உடை மாற்றிக்கொள்ளும். பசும்புற் களத்துக்கு ஒரு தொகுதி, பனிக்களத்துக்கு ஒரு தொகுதி என அவன் வரைந்து வைத்திருந்தான், ஆட்டந்தோறும் மாற்றினான்.

இதனால் விளைந்த பயன் யாது? எதிர்ப்பக்கத்தை நடத்தும் கணினி நிறத்தைக் காண்பதில்லை. தூரம், மறைப்பு, அசைவு ஆகியவற்றைக் கணக்கிட்டே அது சுடுகிறது. சிவப்புச் சட்டை அணிவித்தாலும் வெள்ளை அணிவித்தாலும் இறப்போர் தொகை மாறாது. மாறாக, பனிமீது வெண்ணிற வீரரைத் தேடிக் களைத்தவன் அவனே. பன்னிருவர் கொண்ட பிரிவை மூன்று உருவங்களாற் காட்டும் அவ்விளையாட்டில், அம்மூன்றையும் அவன் அடிக்கடி தொலைத்தான். தன் படையைத் தன்னிடமிருந்தே ஒளித்துவைத்த தளபதி என அவனைக் கூறலாம். எனினும் அவன் அதனைக் கைவிடவில்லை. பழுப்பு உடையினர் வெண்பனியிலே நிற்கும் காட்சி அவனுக்குப் பொறுக்கவில்லை.

இடர்ப்பாடு வரலாற்றிலிருந்து வந்தது. 1944 டிசெம்பரில் ஆர்டென் காடுகளிலே ஜேர்மன் தாக்குதல் தொடங்கியபோது, அமெரிக்கரிற் பெரும்பாலோரிடம் வெண்ணிற மேலாடை இருக்கவில்லை. பாஸ்தோன் நகர் முற்றுகையுண்டிருந்த வேளையில், அருகிலுள்ள ஹெம்ருல் எனும் பெல்ஜியக் கிராமத்தாரிடம் ஜோன் ஹன்லன் எனும் படை அதிகாரி படுக்கை விரிப்புகளை இரவல் கேட்டார். மக்கள் கொடுத்தனர்; வீரர் போர்த்துக்கொண்டனர். போர் முடிந்து, 1948இல் அவர் புதிய விரிப்புகளுடன் அக்கிராமத்துக்குத் திரும்பிச் சென்று கடனைத் தீர்த்தார்.

இதனைப் படித்த இளைஞன் கலங்கினான். தான் வரைந்த செம்மையான வெண்சீருடை பொய் என்பது தெளிவாயிற்று. உண்மையைப் பேணுவதாயின் பலரைப் பழுப்பு உடையுடனேயே பனியில் நிறுத்த வேண்டும். விரிப்புக் கிடைத்தோர்க்கு மட்டும் வெள்ளை தரவேண்டும். ஒரு கோப்பு ஒருவகைப் படையினர் அனைவரையும் உடுத்துவதால் அத்தகைய பாகுபாட்டுக்கும் இடமில்லை. எல்லோர்க்கும் உண்டு, அல்லது எவர்க்கும் இல்லை. கணிப்பிலே எவ்வித வேறுபாடும் விளையாது என்பதை நன்கறிந்திருந்தும், ‘எவர்க்கும் இல்லை’ என்பதை அவனால் தெரிவுசெய்ய இயலவில்லை. கணினிக்குப் புலப்படாத ஒரு நிறத்தின்பொருட்டு ஒருவன் உறக்கம் இழத்தல் நகைப்புக்குரியதுதான். ஆயினும் அவனை நகைக்கத் தோன்றவில்லை.

ஈற்றில் அவன் பழைய வெண்சீருடையை அழித்துவிட்டு, பழுப்பு மேலங்கிமீது தோளிற் சுற்றிய விரிப்பொன்றை வரைந்தான். மடிப்புத் தழும்புகளை இட்டான். கீழ் விளிம்பிலே, யாரோ ஒரு வீட்டுப் பெண் தைத்தது போன்ற மெல்லிய தையலோரம் ஒன்றையும் சேர்த்தான். களத்தை மேலிருந்து நோக்குவோர் கண்ணுக்கு அத்தையல் தெரியாது. அதற்கு மட்டும் இரண்டு இரவுகள் சென்றன.