சட்டத்தின் மேல் போட்ட பழி

என் நாய் செவலையை ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை, அந்த நாட்டுச் சட்டம் விடவில்லை என்று 2018இலிருந்து சொல்லிவந்தேன். அப்பாவிடம் சொன்னேன், தங்கையிடம் சொன்னேன். கோயம்புத்தூரில் கீழ்வீட்டில் இருந்துகொண்டு செவலைக்கென்று தினமும் எலும்பு எடுத்துவைத்த அக்காவிடமும் அதையே சொன்னேன். அது பொய். சட்டம் தடுக்கவில்லை. எனக்கு மனம் இல்லை.

விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. ஸ்டுட்கார்ட் வேலைக்கான கடிதம் வந்த வாரமே விதிகளைத் தேடி முழுக்கப் படித்துவிட்டேன். நாய்க்கு முதலில் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப் வைக்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அதற்குப் பிறகுதான். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. இந்த நாய்க்குத்தான் போட்டார்கள் என்பதற்கு அப்போது அத்தாட்சி கிடையாதே. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லி லிட்டரில் 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பாற்றல் இருந்தால் தேறியது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே தொற்று ஏறியிருந்தால், பெரும்பாலும் அந்த இடைவெளியில் நோய் வெளியே தெரிந்துவிடும். நம் ஊரில் நாய்க்கடியால் இன்றும் ஆட்கள் சாகிறார்கள். ஜெர்மனி நரிகளிடமிருந்துகூட ரேபிஸை ஒழித்து, 2008இல் அதை அறிவித்த நாடு. அவர்கள் எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தப்பு? எல்லாம் சேர்த்து நாலு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். நான் வேலையில் சேர ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது.

முதல் வாரம் உண்மையிலேயே உற்சாகமாகத்தான் இருந்தேன். விமானக் கூண்டுக்கு அளவெடுக்க வேண்டும் என்று தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு நீளம். தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை ஒரு உயரம். முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள்பட்டை அகலத்தைப் போல இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நிமிர்ந்து நின்றால் காது இடிக்கக் கூடாது. செவலை சிப்பிப்பாறை இனம், நெடுநெடுவென்று கால். டேப் வயிற்றில் படும்போதெல்லாம் தோலைச் சிலிர்த்துக்கொண்டு, இருந்தாலும் நகராமல் நின்றாள். நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை முகர்ந்து பார்த்தாள். அளவுகளை எழுதிய அந்தக் காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே இருந்தது. சிப் வைக்க நாள் குறித்துத் தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. செலவு ஒரு காரணம். அனுப்பிவைக்கும் முகவர் கேட்டது இரண்டு லட்சத்தை ஒட்டிய தொகை. ஆனால் கார் விற்ற பணம் கையில் இருந்தது. அதில் ஒரு பகுதியில் நல்ல கேமரா வாங்கினேன். வீடு கிடைக்காது என்ற பயம் இன்னொரு காரணம். ஜெர்மனியில் நாய் வளர்க்க வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், நகராட்சிக்கு நாய் வரி கட்ட வேண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. இதுவும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டையும் தாண்டி ஒன்று இருந்தது. முதல் முறையாக ஐரோப்பாவுக்குப் போகிறேன், சனி ஞாயிறு வந்தால் ரயிலேறிப் பாரிஸ், பிராக் என்று சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காலை ஆறு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் பனியில் நாயை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்ற நினைப்பே பாரமாக இருந்தது. எனக்குக் கை வீசி நடக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அதை வெளியே சொன்னால் நான் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துவிடும் என்பதால், நாள் கடக்கட்டும் என்று விட்டேன். நாலு மாதம் மிச்சமில்லை என்று ஆன பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது வேண்டுமென்றாலும் முடியாது அல்லவா?

பொய்யைக் கட்டுவது சுலபமாக இருந்தது. "அங்க கொண்டுபோனா ஆறு மாசம் தனியா அடைச்சு வைப்பாங்க, செவலை தாங்க மாட்டா" என்றேன். இது பிரிட்டனின் பழைய விதி. 20ஆம் நூற்றாண்டு முழுக்க இருந்தது, 2000இலிருந்து தளர்த்தினார்கள், 2012 ஜனவரி 1 முதல் நம்மைப் போன்ற நாடுகளின் நாய்களுக்கும் எடுத்துவிட்டார்கள். நான் கிளம்பிய வருடத்தில் பிரிட்டனிலேயே அது இல்லை. நான் போனது பிரிட்டனுக்கும் இல்லை. எங்கேயோ காதில் விழுந்ததை எடுத்து எனக்குத் தோதான இடத்தில் வைத்துக்கொண்டேன். குளிர் என்று இன்னொன்று சேர்த்தேன். சிப்பிப்பாறைக்கு மயிர் குட்டை, உடம்பில் கொழுப்பு கிடையாது, பனியில் செத்துப்போகும் என்றேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நாயின் மேல் எவ்வளவு அக்கறை பார் என்றும் சிலர் சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சாத்தூர் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பாவிடம் விட்டேன். அவளுக்கு அது அந்நிய மண் இல்லை. குட்டியாக அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்து வந்தேன். கரிசல் காட்டில் ஓடுவதற்கென்றே வளர்ந்த இனம். நாய்க்கும் அதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இதுவும் வசதியாக இருந்தது. ஆனால் செவலை அடுக்குமாடி வீட்டில், என் கட்டிலுக்குக் கீழே வளர்ந்தவள். முதல் மாதம் சோறு எடுக்கவில்லை என்று அப்பா போனில் சொன்னார். பஸ் வந்து நிற்கும் நேரமெல்லாம் தெருமுனைக்குப் போய்விடுகிறாள் என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

அப்பா கேட்டார், "சட்டம் மாறினா கூட்டிக்கிடுவியாய்யா?" கூட்டிக்கொள்வேன் என்றேன். அதற்கு என்ன வேண்டும் என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ரேபிஸ் ஊசி விட்டுப்போகக் கூடாது. அது மட்டும் பாத்துக்கோங்க."

அவர் பார்த்துக்கொண்டார். வருடம் தவறவில்லை. அரசு கால்நடை மருந்தகத்துக்கு அவளை நடத்தியே கூட்டிப்போவார். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளுக்கு முகாம் போட்டால் முதல் ஆளாக நிற்பார். ஊசி போட்ட தேதி, மருந்துக் குப்பியிலிருந்து உரித்த சீட்டு, டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் உள்ள அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஒரு தடவை முத்திரை சரியாக விழவில்லை என்று திரும்பப் போய் இன்னொரு முறை குத்தச் சொல்லி வாங்கிவந்திருந்தார்.

அந்த விடுமுறைகளில் ஏதாவது ஒன்றில் நான் சிப் வைத்து, அடுத்த ஊசிக்குப் பிறகு ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை தேறிவிட்டால், ஊசியைத் தவணை தப்பாமல் போட்டுவரும் வரை அது ஆயுளுக்கும் செல்லும். உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்பின் 5 நாளுக்குள் வந்தால் சொந்த வளர்ப்புப் பிராணியாகவே ஏற்பார்கள். ஆக அடுத்த விடுமுறை முடிந்து திரும்பும்போது என்னோடு வந்திருப்பாள். சென்னையில் விலங்கு தனிமைப்படுத்தல் நிலையத்தில் சுகாதாரச் சான்று வாங்கிவிட்டால் இங்கே பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் விலங்குகளுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு இது தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்கப்பா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

இங்கே ரோசன்ஸ்டைன் பூங்காவில் ஒரு ஜனவரிக் காலையில் செவலையைப் பார்த்தேன் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். அதே நீண்ட முகம், உள்ளடங்கிய வயிறு, அதே நிறம். கழுத்துவரை மூடிய கம்பளிக் கோட்டு போட்டிருந்தது. கூட வந்த வயதான அம்மாவிடம் கேட்டேன். கால்கோ என்றார். ஸ்பெயினின் வேட்டை நாய். முயல் வேட்டைப் பருவம் முடிந்ததும் வேண்டாமென்று விட்டுவிடும் நாய்களை அங்கிருந்து கொண்டுவந்து இங்கே வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைத்தான் அவர் வருடக்கணக்காகச் செய்கிறார். இதற்கும் மயிர் குட்டைதான், கொழுப்பு கிடையாதுதான். கோட்டு போட்டால் போதும் என்றார்.

உங்களிடம் நாய் உண்டா என்று கேட்டார். பழக்க தோஷத்தில் சொன்னேன்: இந்தியாவில் இருக்கிறது, உங்கள் சட்டம் அனுமதிக்கவில்லை. அவர் முகத்தில் குழப்பம். "இந்தியாவா? ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதமும்தானே? யாராவது உங்களுக்குத் தப்பாகச் சொல்லியிருப்பார்கள். நான் உதவுகிறேன்" என்றார். பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். விதி தெரிந்த ஒருவர் முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு அந்தப் பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

செவலை 2023இல் இறந்தாள். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அப்பா காட்டில் புதைத்தார்.

என் பொய் எங்கள் வீட்டோடு நிற்கவும் இல்லை. திருப்பூர்க்கார நண்பர் ஒருவர் 2021இல் இங்கே வேலைக்கு வந்தார். வருவதற்கு முன்னால் தன் லாப்ரடாரைக் கூட்டிவர முடியுமா என்று என்னிடம்தான் விசாரித்தார். முடியும், உடனே சிப் வையுங்கள் என்று சொன்னால், நீ ஏன் செய்யவில்லை என்ற கேள்வி வரும். ஆறு மாதம் அடைத்து வைப்பார்கள், வேண்டாம் என்றேன். அவர் என்னை நம்பினார். நாயை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அவருடைய பெண் குழந்தை வந்த புதிதில் நாயைக் கேட்டு அழுததை நான் அவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்த்தேன். நான் செய்ததிலேயே கேடானது இதுதான். செவலையை விட்டது என் சுயநலம். இதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. என் பொய் அம்பலமாகாமல் இருக்க ஒரு குடும்பத்தின் நாயைப் பிரித்துவிட்டேன்.

இந்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நடுவில் ஒன்றும் பேசவில்லை. முடித்ததும் கேட்டார்: "அப்ப நான் போட்ட ஊசியெல்லாம் செல்லும்னு சொல்றியா?"

செல்லாது என்றேன். சிப் வைத்த பிறகு போட்டிருந்தால்தான் செல்லும். சிப்பைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"கூட்டிட்டுப் போக மனசில்லன்னு சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். "நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். உன்ன வந்து கூட்டிட்டுப் போவான், கூட்டிட்டுப் போவான்னு அதுகிட்டத் தெனமும் சொல்லாமயாவது இருந்திருப்பேன்." அப்புறம் எழுந்து கடைக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது வழக்கம்போலப் பேசினார். செவலையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் திருப்பூர் நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. கதவருகே நின்றபடியே சொல்லி முடித்தேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை, அலுவலகத்தில் எதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகிறார். சில வாரம் கழித்து அவர் மனைவியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: நாய் நன்றாக இருக்கிறது, ஏழு வயது ஆகிறது, இப்போது கூட்டிவர என்ன செய்ய வேண்டும்? உடனே பதில் எழுதினேன். முதலில் சிப். அதற்கு முன் போட்ட ஊசி எதுவும் கணக்கில்லை, மறுபடி போட வேண்டும். 30 நாள் கழித்து ரத்தம். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம். யார் கூட்டிவந்தாலும், உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்பின் 5 நாளுக்குள் நாயின் பயணம் இருக்க வேண்டும். பூங்காவில் அந்த அம்மா எழுதிக் கொடுத்த எண்ணைத் தேடியெடுத்து, அதையும் அனுப்பினேன்.