பையின் அடியில் கிடந்த செபமாலை

கன்ரீனில் தேத்தண்ணிக்குச் சில்லறை தேடிப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பேனை, பழைய பஸ் ரிக்கற், பனடோல் எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு செபமாலையும் மேசையில் விழுந்தது. முன்னாலிருந்த சினேகிதி அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீ வேதக்காறியேடி? ரெண்டு வருசமா ஒண்டாத் திரியிறம், எனக்குத் தெரியவே தெரியாது."

என்னுடைய பெயரில் மேரியும் இல்லை, பிலோமினாவும் இல்லை. கழுத்தில் சிலுவையும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் போனதில் புதினமில்லை. ஆனால் அந்த நேரம் எனக்குள்ளே ஒரு பெருமை வந்தது. 'பாத்தியா, நான் காட்டிக்கொள்ளுறேல்லை' என்கிற பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவள் ஒவ்வொரு நாளும் திருநீறும் சந்தனமும் வைத்துக்கொண்டுதான் விரிவுரைக்கு வருவாள். வெள்ளிக்கிழமைகளில் கம்பஸ் வளவுக்குள் இருக்கிற பரமேஸ்வரன் கோயிலுக்குப் போவாள். அதை ஒருநாளும் நான் பகட்டென்று நினைத்ததில்லை. எங்கட ஆக்கள் செய்தால் மட்டும்தான் எனக்குக் கூசும்.

நான் வளர்ந்தது யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு கடற்றொழில் ஊரில். திருநாள் கொடி ஏறினால் காலமை நாலரைக்கே ஸ்பீக்கரில் பாட்டுத் தொடங்கிவிடும். இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டு வந்து படுத்த மனுசருக்கு நித்திரை இல்லை. ஆரும் வாய் திறக்கமாட்டார்கள், கோயில் விசயம். கோயில் நிலத்துக்கு மாபிள் பதித்தபோது கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் காசு அனுப்பினவர்களின் பெயர்களைச் சுவரில் வெட்டினார்கள். ஒருவரின் பெயர் மற்றவரின் பெயரைவிடச் சின்ன எழுத்தில் வந்துவிட்டதென்று ஒரு குடும்பம் ஆறு மாதம் பூசைக்கு வரவில்லை. ஒருமுறை பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையில் இயேசுவாக நடித்த அண்ணா விழுந்த இடம் கமராவுக்குச் சரியாக விழவில்லை. "அண்ணை, இன்னொருக்கா விழுங்கோ" என்று கமராக்காரர் சொன்னது எனக்கு இப்பவும் காதில் கேட்கிறது. அண்ணாவும் விழுந்தார்.

குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் விடிய முதல் வசனம் போடுகிற மாமாவும், வேலிப் பிரச்சினையில் அவரோடு பதினொரு வருசமாகக் கதைக்காத சித்தப்பாவும், ஒருவர் போடுகிற வசனத்துக்கு மற்றவர் 'ஆமென்' போடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படியான சூழலில் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை வாசித்த நாள் எனக்குப் பெரிய விடுதலை. சந்தியில் நின்று ஆக்கள் பார்க்கச் செபிக்காதே, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு செபி என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கட ஊர் முழுக்கப் பிழை, நான் மட்டும் சரி என்று சொல்ல அந்த ஒரு இடம் எனக்குக் காணும்.

அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கவைத்தது சின்னம்மாவுக்கு நடந்தது. சின்னம்மா முல்லைத்தீவுப் பக்கம் கலியாணம் கட்டிப் போனவ. 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்துச் சித்தப்பாவைக் கடைசியாகக் கண்டவ. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் எட்டாம் வகுப்புப் படிக்கேக்க ஆரோ அவவை ஒரு செபக்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேடையில் நின்றவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இங்கே புருசனைத் தேடுகிற ஒரு சகோதரி இருக்கிறா, எழும்பி வாங்கோ என்றார். சின்னம்மா எழும்பிப் போனா. மூன்று மாதத்தில் அவர் வந்துவிடுவார் என்று சொன்னார். சனம் கை தட்டியது. வருகிறதுக்கு முன்னமே நன்றி சொல்லிச் சாட்சி சொல்லும்படி மைக்கை அவவின் கையில் கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை சின்னம்மா சித்தப்பாவுக்கு ஒரு சறம் வாங்கி வந்தா. நீலக் கட்டம் போட்டது. மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது. மைக்கைக் கொடுத்தவர் ஒருவரும் வந்து கேட்கவில்லை. அந்தச் சறம் இன்னும் மடிப்புக் குலையாமல் அலுமாரியில் இருக்கிறது.

அம்மம்மா இதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் வீட்டில் பின்னேரச் செபமாலை முடிந்தபிறகு ஒரு பரலோக மந்திரம் கூடச் சொல்லுவா. ஆருக்கென்று பெயர் சொல்லமாட்டா. செத்தவர்களுக்கென்றால் அதற்குப் பிறகு ஆத்துமாக்களுக்கான செபம் ஒன்று சேர்க்க வேண்டும். அம்மம்மா அதைச் சேர்ப்பதில்லை. சித்தப்பா இருக்கிறார் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த இடத்தைத் திறந்தே விட்டிருந்தா. விசுவாசம் என்றால் இதுதான், சத்தமில்லாதது, என்று எனக்கு நானே முடிவெடுத்துவிட்டேன். இதே அம்மம்மாதான் சுற்றுப்பிரகாரத்தில் எல்லாரையும்விட உரத்துப் பாடுவா என்பதை வசதியாக மறந்தும் விட்டேன்.

பிறகு 2019 வந்தது. மார்ச் மாதம், சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகிற வீதியில் வைத்த வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி விழுத்திய வீடியோவைப் பார்த்தேன். ஒரு வளைவு, ஒரு சொரூபம், ஒரு கொடி எல்லாம் கும்பிடுகிறதுக்கா அல்லது இது எங்கட காணி என்று சொல்கிறதுக்கா என்று அன்றைக்கு யோசித்தேன். ஏழு கிழமைக்குள் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் வைத்த பூசையை ரீவியில் பார்த்தோம். அம்மம்மா சீலை உடுத்து, முக்காடு போட்டு, ரீவிக்கு முன்னால் முழங்காலில் நின்றா. ஸ்பீக்கர் இல்லாத ஞாயிறு. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அது பயத்தால் வந்த அமைதி. சனம் செத்ததால் வந்த அமைதி.

கம்பசுக்கு வந்தபோது நான் முழுசாக 'அமைதியான' ஆளாகிவிட்டேன். சாப்பிட முதல் சிலுவை அடையாளம் போடுவதை விட்டேன். ஞாயிறு எங்கே போகிறாய் என்று கேட்டால் 'சும்மா வெளியில' என்பேன். பிறகு அந்தச் சும்மாவுக்கும் போகவில்லை. அது தனிப்பட்ட விசயம், ஆருக்கும் நான் காட்டத் தேவையில்லை. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன வருச லீவில் சின்னம்மாவோடு மீன் வெட்டிக்கொண்டு இருந்தபோது வாயை விட்டேன். "நல்ல காலம் சின்னம்மா, நீங்கள் இப்ப அந்தக் கூட்டத்துக்குப் போறேல்லை."

"ஆர் சொன்னது போறேல்லை எண்டு?" என்றா. "மாசத்தில ரெண்டு தரம் போறன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மூன்று மாதக் கதையை ஞாபகப்படுத்தினேன். சின்னம்மா கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னா.

"அந்தாள் சொன்னது பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. ஆனா அங்க நான் வாய்விட்டு அழலாம். உங்கட கோயில்ல நான் அழுதால் எல்லாரும் நிலத்தைப் பாப்பினம். பத்து வருசத்துக்கு மேல ஒருத்தர் என்னட்ட அவற்ற பேரைச் சொல்லிக் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை."

உண்மை. நானும் கேட்டதில்லை. அவவைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதுதான் சரியான காரணம். மேடையில் ஏற்றிய சத்தம் சின்னம்மாவைப் பயன்படுத்திக்கொண்டது. எங்களுடைய அமைதி அவவைத் தனியே விட்டது. இதில் எது கூடப் பாவம் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

திரும்ப மத்தேயுவை எடுத்து வாசித்தேன். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது ஆறாம் அதிகாரம். அதற்கு முன் ஐந்தாம் அதிகாரத்தில், அதே மலைப்பொழிவில், விளக்கைக் கொளுத்தி மரக்காலுக்குக் கீழே மூடி வைக்காதே, தண்டின்மேல் வை என்றும் இயேசு சொல்லியிருக்கிறார். எத்தனையோ தரம் வாசித்த பகுதிதான். எனக்கு வசதியானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஞாயிறு மறைக்கல்வியில் படித்த யோசேப் வாஸ் அடிகளாரின் கதையும் அப்போதுதான் வேறு மாதிரி விளங்கியது. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. கோவாவில் பிறந்த அவர் 1687இல் வேடம் மாறி இங்கே வந்தார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை எடுத்தார், அதைக் கண்டு ஆருடைய முகம் மாறுகிறதென்று பார்த்து ஒளித்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார் என்று சொல்லுவார்கள். 2015 ஜனவரி 14 காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அத்தனை சனம், அத்தனை கமரா. ஆனால் அவர் கழுத்தில் போட்ட செபமாலையும் வெளிக்காட்டல்தான். பிடிபட்டால் மறியல் என்று தெரிந்தே போட்டது. 'நானும் உன்ர ஆள்தான், பயப்படாதே' என்று ஒளித்திருக்கிற ஒரு மனுசருக்குச் சொல்லப் போட்டது. சுவரில் பெயர் வெட்டுகிறவரும் வெளிக்காட்டுகிறார், இவரும் வெளிக்காட்டினார். ஒருவர் தனக்கு எடுக்கக் காட்டினார், மற்றவர் இன்னொருவருக்குக் கொடுக்கக் காட்டினார்.

என்னுடைய செபமாலையோ பையின் அடியில் பனடோலோடு கிடந்தது. அதைக்கூட நான் வைக்கவில்லை. அம்மம்மா வைத்துவிட்டது.

கன்ரீன் கதைக்கு வருகிறேன். செபமாலையைக் கண்ட அடுத்த திங்கள் சினேகிதி ஃபோன் எடுத்தாள். அவளுடைய அப்பாவுக்குக் கொழும்பில் நெஞ்சு ஒப்பரேசன், வியாழக்கிழமை. "நாளைக்குச் செவ்வாய்தானே, என்னை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறியா? எனக்கு அங்க எப்பிடிக் கும்பிடுறதெண்டு தெரியாது."

போனோம். அவள் மெழுகுதிரி வாங்கினாள், செருப்பைக் கழற்றினாள், சொரூபத்துக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்து கையைத் தலைக்கு மேலே கூப்பினாள். நெற்றியில் திருநீறு. ஒரு கூச்சமும் இல்லை. நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன், தெரிந்த ஆரும் காணக்கூடாதென்று. அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"என்னடி சொல்லுறது?"

கடைசியாக எப்போது செபித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு செபி என்று சொன்னதில், கதவைப் பூட்டுகிற பகுதியை மட்டும்தான் நான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவளுக்குப் பக்கத்தில் போய் முழங்காலில் இருந்தேன். "நான் சொல்லுறன், நீ பின்னால சொல்லு" என்றேன். பரலோக மந்திரத்தை வரி வரியாகச் சத்தமாகச் சொன்னேன். குரல் நடுங்கியது. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிழை பிழையாகத் திருப்பிச் சொன்னாள். முடிந்தபிறகு இன்னொருக்காவும் சொன்னேன்.

"இது ஆருக்கு?"

"வீட்டில ஒராளுக்கு" என்றேன். பிறகு, முதன்முதலாக, சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன்.

அவளுடைய அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். மெல்ல மெல்ல நடக்கிறார். அது டொக்டர்மாரின் கைங்கரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். அவள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒப்பரேசன் முடிந்த அன்றைக்கு இரவு வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் அந்தோனியார் சொரூபத்தின் படம் போட்டு, 'நன்றி அந்தோனியாரே' என்று எழுதி, மூன்று கும்பிடுகிற கையும் இரண்டு மெழுகுதிரியும் வைத்திருந்தாள்.

எங்கட மாமா போட்டிருந்தால் சிரித்திருப்பேன். கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு ஹார்ட் போட்டேன். பிறகு சின்னம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.