கடைசி பஸ்

வெலிமடையில் ரயில் இல்லை. 1894 இல் பண்டாரவளையை அடைந்து 1924 இல் பதுளையில் முடிந்த மலையகப் பாதை, அப்புத்தளை வழியாக ஒதுங்கிப் போய்விட்டது. பதுளையானாலும் நுவரெலியாவானாலும் இங்குள்ளவர்களுக்குப் பஸ்தான் கதி.

செய்தி சேகரிக்க இந்தப் பக்கம் வரத் தொடங்கிய காலம் முதல் நான் கேட்டுவரும் முறைப்பாடு ஒன்றுதான்: மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் வரும் என்று எவரையும் நம்பிச் சொல்ல முடியாது. நேர அட்டவணை இல்லாமல் இல்லை. ஆனால் தனியார் பஸ்களில் அன்றைய வசூலில் உரிமையாளருக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரதியும் நடத்துநரும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. ஆகவே காலையில் ஆள் நிறையும்வரை பஸ் நகராது. இருட்டிய பின் பத்துப் பேருக்காக டீசல் எரிக்க மனம் வராது. அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, கணக்கு அப்படி. அந்தக் கணக்கிலிருந்து பயணிகளை விடுவிக்கத்தான் 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை அரசுடைமையாக்கப்பட்டது. 1979 இல் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தபோது அதே கணக்கும் கூடவே ஏறிக்கொண்டது.

நகரத்துத் துணிக்கடையொன்றில் வேலை செய்த தோட்டத்துப் பெண்ணொருத்தி சொன்னாள்: "கட பூட்ட ஆறர ஆகுது சார். ஆறு மணி பஸ்ஸ விட்டா, அடுத்தது வந்தாத்தான் உண்டு. ஆட்டோவுக்குக் குடுத்தா அன்னிக்குச் சம்பளத்துல பாதி போயிரும்." மூன்று மாதத்தில் நின்றுவிட்டாள். இப்போது தாயுடன் கொழுந்து பறிக்கிறாள். பத்தாம் வகுப்புவரை படித்தவள். லயத்தை விட்டு வெளியேற அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அந்தத் துணிக்கடைதான்.

யாரிடம் முறையிடுவது? வெலிமடையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ் மாகாணத்தின் பொறுப்பு. நுவரெலியா பஸ் மத்திய மாகாண எல்லையைத் தாண்டுவதால், 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பு. ஊவா மாகாண சபையின் பதவிக்காலமோ 2019 இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநர் நிர்வாகம்தான். வாக்குக் கேட்டு வருபவரிடம் பஸ்ஸைக் கேட்கும் வாய்ப்பும் மக்களுக்கு இல்லாமற் போயிற்று.

நட்டத்தை அரசு ஏற்று பஸ் ஓட்டுவது புதிய யோசனையல்ல. மாணவர்களுக்குச் 'சிசு செரிய', இரவுப் பயணிகளுக்கு 'நிசி செரிய' என்று திட்டங்கள் ஏற்கெனவே உண்டு. கடைகள் பூட்டியபின், ஏழு மணிக்கு, தோட்டப் பக்கம் ஒரு பஸ் போதும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது புறப்பட வேண்டும்.