கப்பல்துறையை எப்படி எழுதுவது?

'கப்பல்துறை' என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். ஒருவருக்கு 'பி' ஒன்று போதும். மற்றவருக்கு இரண்டு வேண்டும். ஒருவர் 'ரி'க்குப் பின்னால் 'எச்' சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்கமாட்டார். படிக்கிற மனிதனுக்கு இதனால் நட்டமில்லை. திருகோணமலையில் கண்டி வீதியை ஒட்டிய அந்தக் கிராமத்தைத்தான் சொல்கிறார்கள் என்று அவன் விளங்கிக்கொள்வான். கணினிக்கு அந்த விளக்கம் கிடையாது. அதற்கு அவை நான்கு வேறு ஊர்கள்.

செய்தி மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு ஊர்ப்பெயர்த் தகராறு பழகிப்போன ஒன்று. அச்சில் ஒரு பெயர் பிழைத்தால் மறுநாள் வாசகர் கடிதம் வரும், திருத்தம் போடுவோம், அத்தோடு முடிந்தது. ஆனால் பிரதேச சபைகளும் செயலகங்களும் வரைபட வேலையைக் கணினியில் செய்யத் தொடங்கிய பிறகு அதே பிழைக்கு வேறொரு விலை வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

புவியியல் தகவல் முறைமை என்று பெரிய பெயர் வைத்தாலும் அதன் அடிப்படை எளிது. ஒரு பக்கம் எல்லைக்கோடுகள்; மறுபக்கம் அட்டவணை. எத்தனை குடும்பங்கள், எத்தனை கிணறுகள், எத்தனை வீடுகளுக்கு மலசலகூடம் இல்லை என்பதெல்லாம் அட்டவணையில் இருக்கும். இரண்டையும் பொருத்தினால் வரைபடம் பேசத் தொடங்கும். பொருத்துவதற்கு ஏதாவது பொதுவான அடையாளம் வேண்டும். ஊர்ப்பெயரை அடையாளமாக வைத்தால், எழுத்து ஒத்துப்போகாத ஊர்கள் சத்தமின்றி விடுபட்டுவிடும். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். தரவு இல்லாததால் வந்த வெறுமையா, தேவை இல்லாததால் வந்த வெறுமையா என்பது கொழும்பில் அதைப் பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாது.

இலங்கையில் 14,000க்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ளன. திருகோணமலை மாவட்டத்தில் மாத்திரம் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள், 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். மும்மொழியும் புழங்குகிற மாவட்டம் இது. ஒரே இடத்துக்குத் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு என்று பெயர்கள் கிடப்பது இங்கே சாதாரணம். போதாக்குறைக்கு எழுத்துருச் சிக்கல் வேறு. யுனிகோட் வருவதற்கு முன்னர் நமது அலுவலகங்களில் தமிழ்ப் பட்டியல்கள் பெரும்பாலும் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டச்சிடப்பட்டன. திரையில் அது தமிழாகத் தோன்றும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதோ ஆங்கில எழுத்துக்கள். அந்தக் கோப்பை வரைபட மென்பொருளுக்கு மாற்றினால் கப்பல்துறை, இரண்டு அரைப்புள்ளிகள் செருகப்பட்ட, வாயில் நுழையாத ஒரு ஆங்கிலச் சொல்லாகிவிடும்.

இதற்கு மருந்து உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத ஓர் இலக்கம் கொடுத்து, பெயரை எப்படி எழுதினாலும் இலக்கத்தைக்கொண்டு பொருத்துவது. ஐ.நா.வின் மனிதாபிமான அலுவலகம் உலகெங்கும் பின்பற்றும் முறை இதுதான். ஆனால் வெள்ளத்தில் நிற்கிறவர் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடமாட்டார், ஊர்ப்பெயரைத்தான் சொல்வார். ஆகவே இலக்கமும் வேண்டும், மூன்று மொழிப் பெயர்களும் வேண்டும்.

2004 டிசெம்பர் 26 இந்தப் பாடத்தை மிகக் கொடூரமாகக் கற்பித்தது. நாடெங்கும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். யார் எங்கே, எந்த முகாமில் என்ன தேவை என்ற கணக்கை எந்தக் கோப்பாலும் தாங்க முடியவில்லை. அந்த நாட்களில் இலங்கையின் மென்பொருளாளர்கள் தொண்டாக எழுதிய 'சகானா' என்ற கட்டற்ற மென்பொருள் பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் உதவியது. நமது மண்ணில் பிறந்து உலகம் பயன்படுத்திய பொருள் என்று பெருமைப்படக்கூடிய சிலவற்றில் அது ஒன்று.

அதே காலத்தில் வேறொரு பாடமும் கிடைத்தது. 2005இல் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத எல்லை அறிவிக்கப்பட்டது: வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், ஏனைய இடங்களில் 100 மீற்றர். கணினியில் இது ஒரு நிமிட வேலை. கடற்கரைக் கோட்டைத் தேர்ந்து, 200 என்று இலக்கத்தைக் கொடுத்தால் பட்டையொன்று விழும். நேரான கரையென்றால் அதோடு சரி. திருகோணமலைக் கரையோ குடாவும் கழிமுகமுமாக மடிந்து கிடப்பது. ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா என்று நீரால் சூழப்பட்ட கிண்ணியா போன்ற ஓர் ஊரில், எந்த நீர்க்கோட்டிலிருந்து அளப்பது என்பதே வாழ்வாதாரக் கேள்வி. அந்தப் பட்டைக்குள் விழுந்தது மீனவனின் வீடும் தோணியும். எதிர்ப்புகள் எழுந்தபின் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே விதியைத் தளர்த்தத் தொடங்கினார்கள். கருவி சரியாகத்தான் அளந்தது. எதை அளக்க வேண்டுமென்று ஊரிடம் யாரும் கேட்கவில்லை.

அளவையில் இன்னொரு பொறியும் உண்டு. நமது நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. பிதுருதலாகல மலையருகே உள்ள ஒரு புள்ளியை மையமாகக்கொண்டே நமது வரைபடக் கட்டங்கள் அமைந்துள்ளன. பழைய மீற்றர் கட்டத்தில் அந்தப் புள்ளிக்கு 200,000, 200,000 என்று எண். 1999இன் புதிய கட்டத்தில் 500,000, 500,000. எந்தக் கட்டம் என்று எழுதிவைக்காமல் வெறும் எண்களை மாத்திரம் ஒரு கோப்பில் விட்டால், திருகோணமலைக் கிணறு கிழக்கே முந்நூறு கிலோமீற்றர், வடக்கே முந்நூறு கிலோமீற்றர் தள்ளி வங்கக் கடலில் போய் நிற்கும். கடலில் நின்றால் பிழை கண்ணில் படும். இரு அடிப்படைகளுக்கும் இடையிலான சிறு விலகலைத் திருத்தாமல் விட்டாலோ, கிணறு பக்கத்துக் காணியில் நிற்கும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

பக்கத்துக் காணி என்றதும் சம்பூர் நினைவுக்கு வருகிறது. 2006இல் இடம்பெயர்ந்த மக்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தங்கள் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பத்தாண்டுகளில் வேலியும் ஒழுங்கையும் பற்றைக்குள் மறைந்துவிடும். பழைய உறுதிகளிலும் அனுமதிப்பத்திரங்களிலும் எல்லை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பது நம்மவர்க்குத் தெரியும்: கிழக்கே இன்னார் காணி, மேற்கே ஒழுங்கை. இன்னாரும் இடம்பெயர்ந்து, ஒழுங்கையும் மறைந்துவிட்டால் அந்தத் தாளுக்கு வாய் கிடையாது. கிணற்றுக்கட்டும் பனைமரமும் வயோதிபரின் ஞாபகமும்தான் சாட்சி. மேலிருந்து எடுத்த செய்மதிப் படத்திலோ, கைவிடப்பட்ட வயல் வெறும் காடு. அந்தப் படத்தை மாத்திரம் வைத்து எல்லை போடுகிறவரின் கையில், ஒரு குடும்பத்தின் காணி ஒரு நிறத்துக்குள் மறைந்துபோகக்கூடும்.

மாற்று வழி இல்லையா என்றால், அண்டை மாவட்டத்தில் உண்டு. மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரிவில் 2012 அளவில் உலக வங்கியின் துணையோடு கட்டடங்களை 'ஓப்பன் ஸ்றீற் மப்'பில் ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். செய்மதிப் படத்தில் கூரையை வரைந்தார்கள். பின்னர் தெருவில் இறங்கி, எத்தனை மாடி, எதனால் கட்டியது, எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டுச் சேர்த்தார்கள். அந்தத் தரவு எவரும் எடுக்கக்கூடியதாகப் பொதுவில் கிடக்கிறது. அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே எழுத இடமுண்டு. 'கியூஜிஐஎஸ்' மென்பொருளும் இலவசம். பத்து மீற்றர் துல்லியமுள்ள ஐரோப்பிய சென்றினல் படங்களும் இலவசம்.

ஆக, குறைவது கருவியல்ல. ஒரு சபையில் இந்த வேலைக்கென்று ஓர் ஆள், அவருக்கு நிலையான கதிரை, ஆண்டுக்கொருமுறை கிராம உத்தியோகத்தரோடும் ஊர்ப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பெயர்களையும் எல்லைகளையும் சரிபார்க்கும் வழக்கம், இவைதான் குறைகின்றன. திட்டம் வரும்போது பயிற்சி வரும். திட்டம் முடிந்ததும் பயின்றவர் இடமாற்றம் பெற்றுப் போவார். கோப்பு அவருடைய கணினியோடு போய்விடும்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்டு அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மகாவலி கடலில் சேர்வது நமது கொட்டியாரக் குடாவில். மலைநாட்டில் பெய்கிற பெருமழை கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். அடுத்த வெள்ளத்துக்கு முன்னர் செய்யக்கூடிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு: இந்த மாவட்டத்தின் 230 பிரிவுகளையும் அவற்றின் குக்கிராமங்களையும், அங்கே வாழ்கிறவர்கள் சொல்கிற பெயரால், அவர்களுடைய எழுத்தில், ஒரே பட்டியலாக எழுதி எல்லோருக்கும் திறந்து வைப்பது. அதைச் செய்ய ஒரு கணினியும், கேட்டு எழுதத் தெரிந்த ஒருவரும் போதும்.