மேல் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டுப் பின்கதவில் இரண்டு தாழ்ப்பாள்கள் உண்டு. ஒன்று எல்லா வீடுகளிலும் போல நடுவில். மற்றது கதவின் உச்சியில், வாப்பா எட்டிப் பூட்டுகிற உயரத்தில். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "கள்ளர் பயமா?" என்று கேட்பார்கள். உம்மா ஏதோ சொல்லி மழுப்பிவிடுவார். அது வெளியே போகிறவருக்காகப் போட்டது. என் தம்பிக்காக.

2019ஆம் ஆண்டு. தம்பிக்குப் பத்து வயது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தான். எனக்கு டிசம்பரில் சாதாரண தரம். ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் ஊர்களில் யார்தான் ஒழுங்காக உறங்கினார்கள்? அதோடு மே மாதம் நோன்பும் வந்தது. தராவீஹ் முடிந்து எல்லோரும் படுத்த பிறகு நான் குசினி மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். பதினொன்றரை இருக்கும். தம்பி எழும்பி வந்தான். கண் திறந்துதான் இருந்தது. தண்ணீர்க் குடத்தின் மூடியை எடுத்து உள்ளே பார்த்துவிட்டு, "ராத்தா, வலை இழுத்து முடிஞ்சா?" என்று கேட்டான்.

"என்னடா விளையாட்டு, போய்ப் படு" என்றேன். போய்ப் படுத்தான், மூடியையும் கையில் கொண்டு. சஹருக்கு எழுப்பும்போது அது அவன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "நான் எடுக்கல்ல" என்று அவன் அழத் தொடங்கிவிட்டான்.

அந்தக் கிழமையே இன்னும் இரண்டு தரம் நடந்தான். இரண்டாம் தரம் உம்மா பயந்துபோய் அவன் முகத்தில் தண்ணீரை அடித்து உலுக்கினார். திடுக்கிட்டவன் கையை வீசியதில் உம்மாவின் உதடு கிழிந்தது. யார் அடித்தது என்று காலையில் அவனே கேட்டான். உம்மா கதவில் இடிபட்டதாகச் சொன்னார்.

"ஒருத்தருக்கும் சொல்லிராத மகள்." இதுதான் உம்மாவின் முதல் மருந்து. ஆனால் பக்கத்து வீட்டு மாமிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஜின்னின் தொந்தரவு என்றார். லெப்பை ஒருவர் வந்து ஓதி, தண்ணீரும் ஓதித் தந்தார். நல்ல மனிதர். போகும்போது வாசலில் நின்று, "டொக்டரிட்டயும் ஒருக்காக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உம்மாவோ முதற் பகுதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

பெருநாள் கழிந்து சில நாட்களில் அது நடந்தது. நித்திரை கண்ணைச் சுழற்ற, பின்கதவைத் திறந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பி வந்து கதவைச் சாத்தினேன்; தாழ்ப்பாள் போடவில்லை. மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். வாப்பாவின் சத்தத்தில் விழித்தபோது கதவு ஆவென்று கிடந்தது. தம்பி கிணற்றடியில் நின்றான். எங்கள் கிணற்றுக்கட்டு அவன் இடுப்புக்குத்தான் வரும். இரண்டு கைகளையும் கட்டில் ஊன்றி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாப்பா பின்னால் போய் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். அவன் விழிக்கவே இல்லை.

"கதவு எப்படித் திறந்த?" என்று உம்மா கேட்டார். "அவன்தான் திறந்திருப்பான்" என்றேன்.

இரவில் கதவுகளை அடையச் சொன்ன நபிமொழியை மத்ரஸாவில் மனனம் செய்து பரிசு வாங்கியவள் நான்.

அன்றிரவு உம்மா ஒரு பழைய கதையைச் சொன்னார். 2006 ஓகஸ்டில் சண்டை வந்து மூதூர்ச் சனம் எல்லாம் கந்தளாய்க்கு நடந்த காலம். நான் சிறு பிள்ளை. உம்மாவின் கடைசித் தம்பி, என் மாமாவுக்கு, அப்போது பத்து வயது. முகாமில் இரவில் எழும்பிக் கூடாரங்களுக்கு நடுவே நடப்பாராம். பயத்தில் ஓடுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். உம்மம்மா தன் முந்தானையை அவர் சட்டையோடு முடிந்துகொண்டு படுத்தாராம். அதை அத்தனை வருடமும் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. மாமா இப்போது கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார், நிம்மதியாகத் தூங்குகிறார்.

அந்தக் கதையை டொக்டரிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார். இது குடும்ப வழியாக வரக்கூடியதாம். ஜின்னையும் பேயையும் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேள்விகள்தான் கேட்டார். படுத்து எவ்வளவு நேரத்தில் எழும்புகிறான்? கை கால் வெட்டி இழுக்கிறதா? நாக்கைக் கடிக்கிறானா? குறட்டை விடுகிறானா? வலிப்பு நோயிலும் இரவில் விசித்திரமான அசைவுகள் வருமாம். அதனால் முடிந்தால் போனில் ஒரு வீடியோ எடுத்து வரச் சொன்னார். குறட்டையும் மூச்சடைப்பும் உறக்கத்தைக் குழப்பி நடக்கச் செய்வதுண்டாம். காய்ச்சலும், படுக்குமுன் சிறுநீர் கழிக்காததும்கூட.

நான் கொப்பியில் நேரங்களைக் குறித்து வைத்திருந்தேன். குற்றவுணர்வு என்னைக் கணக்குப்பிள்ளை ஆக்கியிருந்தது. பத்து மணிக்குப் படுக்கிறான். நடப்பது எப்போதும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். டொக்டர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரவின் முதல் பங்கில்தான் உறக்கம் மிக ஆழமாக இருக்கும். அதிலிருந்து மூளை பாதி விழித்து, பாதி உறங்கும்போது, நடக்கிற பகுதி எழும்பிவிடுகிறது. யோசிக்கிற, ஞாபகம் வைக்கிற பகுதி எழும்புவதில்லை. இவர்கள் கனவைத்தான் நடித்துக் காட்டுகிறார்கள் என்று முன்பு நினைத்தார்களாம். 1965இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இரவு முழுவதும் மூளையலைகளைப் பதிந்து பார்த்தபோது, நடை தொடங்குவது அந்த ஆழ்ந்த உறக்கத்தில் என்று தெரிந்தது. இதை நான் பின்னர் வாசித்து அறிந்தேன்.

கடைசியாக டொக்டர் கேட்டார்: "காலையில எத்தனை மணிக்கு எழுப்புறீங்க?"

"நாலு மணிக்கு. ஸ்கொலர்ஷிப் சோதினை" என்றார் உம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது உறக்கம் வேண்டும், இவனுக்கு ஆறுதான் கிடைக்கிறது என்றார் டொக்டர். உறக்கம் குறையக் குறைய, கிடைக்கிற உறக்கம் இன்னும் ஆழமாகும், நடையும் கூடும். உம்மா வரும் வழியெல்லாம் பேசவில்லை. வெட்டுப்புள்ளிக்கும் கிணற்றுக்கட்டுக்கும் நடுவே அவர் எதை நிறுத்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து தம்பி எட்டரைக்குப் படுத்தான். சுபஹுக்குத்தான் எழுப்பினோம். இரவு டியூஷன் நின்றது. இதை வாசிக்கும் உம்மாமார் என்னோடு கோபிக்க வேண்டாம். எங்கள் உம்மாவும் முதலில் கோபித்தவர்தான்.

இன்னொரு வழியும் டொக்டர் சொன்னார். அவன் வழமையாக நடக்கும் நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்பே மெல்ல எழுப்பி, கொஞ்சம் விழிக்கவைத்து, திரும்பப் படுக்கவைப்பது. சில கிழமைகள் தொடர்ந்து செய்ய வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழும்பி நடந்துவிட்டால் உலுக்கக்கூடாது, கத்தக்கூடாது. எழுப்பினால் செத்துவிடுவான் என்பதெல்லாம் கதை. ஆனால் குழம்பி அடிப்பான். முழங்கையில் கை வைத்து, "வா தம்பி, படுக்கப் போவம்" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். ஆட்டுக்குட்டி மாதிரி வருவான்.

கத்தி, அரிவாள்மனை எல்லாம் அலுமாரிக்குள் போயின. கிணற்றுக்கு வாப்பா பலகை மூடி செய்தார். ஆனால் ஓகஸ்டில் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு இலங்கைத்துறை முகத்துவாரத்துக்குப் போனபோது இவை ஒன்றும் உதவவில்லை. வாப்பாவின் கரைவலை வாடி அங்கேதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வாடி என்றால் கிடுகுக் கூரையும் படங்கு வாசலும்தான். தாழ்ப்பாளை எங்கே போடுவது? புது இடத்தில் நடை திரும்பி வரலாம் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். தம்பியை விட்டுவிட்டுப் போகலாம் என்றார் உம்மா. வருடம் முழுவதும் அவன் காத்திருந்தது அந்த இரண்டு கிழமைக்குத்தான்.

வாப்பா ஒன்றும் பேசாமல் தங்கூசி நூலை எடுத்தார். வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் கட்டி, இரண்டு வெறும் மீன் டின்களைத் தொங்கவிட்டார். டின்கள் இருந்தது வாசலில் அல்ல, நான் படுத்திருந்த மூலையில். சத்தம் அவனைத் திடுக்கிடச் செய்யாமல் என்னை எழுப்ப வேண்டுமாம். தம்பியை உள்பக்கமாக, தரையில் பாய் போட்டுப் படுக்கவைத்தார். அவனைக் கட்டி வைக்கலாமா என்று உம்மா கேட்டதற்கு, "மாடா அவன்?" என்றார்.

முதல் மூன்று இரவும் நாய்களும் நண்டுகளும்தான் என்னை எழுப்பின. நான்காம் இரவு டின் ஆடியது. தம்பி நூலுக்கு முன்னால் நின்றான். வெளியே அலைச் சத்தம். முழங்கையில் கை வைத்தேன். வந்தான்.

காலையில் அவன் வாப்பாவிடம் கேட்டான், "தூக்கத்துல நான் ஏதும் செஞ்சா பாவமா வாப்பா?" உறங்குகிறவன் விழிக்கும்வரை அவன்மேல் எதுவும் எழுதப்படுவதில்லை என்றார் வாப்பா, வலையின் கண்களைப் பொத்திக்கொண்டே. தம்பி நிம்மதியாகக் கரைக்கு ஓடினான். நான் அங்கேயே நின்றேன். அன்றிரவு விழித்திருந்தவள் நான்தானே.

"வாப்பா, அண்டைக்குக் கதவத் தொறந்து வெச்சது நான்தான்."

அவர் நிமிரவில்லை. "தெரியும் மகள். வாசப்படியில உன்ட ஈரக் கால் கிடந்திச்சி."

அடுத்த நாள் காலையிலேயே அவர் கடைக்குப் போய் அந்த மேல் தாழ்ப்பாளை வாங்கி வந்து பூட்டியது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை.

தம்பி இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். நடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. வளர வளரப் பெரும்பாலும் போய்விடும் என்று டொக்டர் சொன்னபடியே. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "குடத்து மூடிய எழுதாத" என்றான். எழுதிவிட்டேன். மேல் தாழ்ப்பாளை யாரும் கழற்றவில்லை. உம்மாவுக்கு அது எட்டாது. வாப்பா கடலில் இருக்கும் நாட்களில், சுபஹுக்கு வுழூச் செய்ய வெளியே போக, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற சத்தத்தில்தான் நான் விழிக்கிறேன்.